பெண் சொல்லும் நோய்வரலாறு

ஹோமியோபதி வைத்தியத்தின் மூலகிரந்தமாகிய 'ஆர்கனான்' 1810-ஆம் வருஷத்தில் ஜெர்மன் மொழியில் முதன்முதலாக வெளிவந்தது. அதை இயற்றிய சாமுவேல் ஹானிமன் தம் ஆயுள் முடியும் வரையில் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1843-இல் அவர் பாரிஸ் நகரத்தில் காலமானபோது கைப்பிரதியாக வைத்துவிட்டுப் போன ஆறாம் பதிப்பு, ஏறக்குறைய எண்பது வருஷங்கள் கழித்து 1921-இல்தான் அச்சேறியது. 291 சூத்திரங்கள் கொண்ட அப்பதிப்பில், நோயாளியை எவ்வாறு விசாரித்து அறிய வேண்டும் என்பதை 83-ஆம் சூத்திரம் முதல் 104-ஆம் சூத்திரம் வரையிலுள்ள பகுதி விரிவாகச் சொல்லுகிறது. மருந்தைப் பற்றிய ஹானிமனுடைய சித்தாந்தத்தை ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட (இதை எழுதுகிறவரும் அவர்களில் சேர்ந்தவரே) இந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிப்பார்களானால், வைத்தியரின் வாயை அடக்கி நோயாளியின் வாயைத் திறப்பதற்கு இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட ஆசிரியர் அந்தக் காலத்து ஐரோப்பாவில் வேறு யார் இருந்தார் என்று யோசிக்காமல் இருக்க மாட்டார்கள்.

நோயாளி தன் கஷ்டங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது வைத்தியர் மௌனமாகக் கேட்க வேண்டும். பேச்சு வேறு விஷயங்களுக்குப் போய்விட்டாலன்றிக் குறுக்கிடலாகாது. சொன்னதைச் சொன்னவருடைய வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை சொல்லி முடிக்கக்கூடிய கேள்விகளைக் கேட்பது நோயாளியைப் பொய் சொல்லத் தூண்டுவதாகும் என்றெல்லாம் அவர் வகுத்துச் சொல்லுகிறார். 94-ஆம் சூத்திரத்தின் அடியில் ஒரு குறிப்பு வருகிறது. நாட்பட்ட நோயுள்ள பெண்களை விசாரிக்கும்போது கர்ப்பம், மலட்டுத்தன்மை, இச்சை, பிரசவங்கள், கருச்சிதைவுகள், பாலூட்டுதல், மாதவிலக்கு ஆகியவற்றை அவசியம் கேட்க வேண்டும் என்றும், விலக்கு முந்தி வருகிறதா பிந்தி வருகிறதா, எத்தனை நாள் நிற்கிறது, இடைவிடாமல் போகிறதா விட்டு விட்டுப் போகிறதா, அளவு எவ்வளவு, நிறம் எப்படி, முன்னும் பின்னும் வெள்ளைப்படுகிறதா என்றும் அக்குறிப்பு ஒவ்வொன்றாக எண்ணிக் கேட்கச் சொல்லுகிறது. அடுத்து வரும் சூத்திரங்களில், நோயை மிகைப்படுத்திச் சொல்லுகிறவர்களைப் பற்றி எச்சரித்த கையோடு, கூச்சத்தினாலும் சாந்த சுபாவத்தினாலும் தம் வேதனையைக் குறைத்துச் சொல்லுகிறவர்களைப் பற்றியும் அவர் எச்சரிக்கிறார். பெண்ணின் முறையீட்டை மிகை என்று தள்ளிவிடும் பழக்கம் வைத்திய உலகத்தில் வேரூன்றியிருந்த காலத்தில் இந்த இரண்டாவது எச்சரிக்கை எழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இதே நூலின் 127-ஆம் சூத்திரத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்துகளை ஆண்கள் மீதும் பெண்கள் மீதும் சோதித்துப் பார்த்தால்தான் இனப்பெருக்க உறுப்புக்களில் அவை உண்டாக்கும் மாறுதல்கள் விளங்கும் என்பது அதன் கருத்து. அவருடைய சோதனை முறை இன்றைய விஞ்ஞானப் பரீட்சைக்கு நிற்காது என்பது உண்மையே. ஆயினும் பெண்ணின் தேகத்தைத் தனியே ஆராயாமல் பெண்ணுக்கு மருந்து சொல்லலாகாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையமோ, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களை ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்கக் கூடாது என்று 1977-இல் விதித்த விதியை 1993-ஆம் வருஷம் வந்த பிறகே விலக்கிக்கொண்டது.

சூத்திரத்தில் இருப்பது நடைமுறையில் எப்படி விளங்கிற்று என்பதற்கு, ஹானிமனுடைய இரண்டாவது மனைவியின் சரித்திரத்தைக் காட்டிலும் சிறந்த சான்று கிடையாது. பாரிஸில் சித்திரக்காரியாக வாழ்ந்து வந்த மெலானி, 1834-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், வழிப்பயணத்துக்குப் பாதுகாப்பாக ஆண் வேஷம் பூண்டு, கோத்தன் என்னும் ஜெர்மானியச் சிற்றூரில் இருந்த ஹானிமனிடம் வைத்தியம் செய்துகொள்ள வந்து சேர்ந்தாள். அவளுக்கு வயது 34; அவருக்கு 79. மூன்று மாதங்களில் விவாகம் நடந்தது. அடுத்த கோடையில் இருவரும் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவள் கணவனின் அருகில் அமர்ந்து நோயாளிகளை விசாரித்தாள், குறிப்பெழுதினாள், மருந்தும் கொடுத்தாள். அந்தக் காலத்து நோட்டுப் புத்தகங்கள் இன்றைக்கும் ஸ்டுட்கார்ட் நகரத்திலுள்ள ராபர்ட் பாஷ் வைத்திய சரித்திர நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பல பக்கங்கள் மெலானியின் கையெழுத்தில் உள்ளவை. கணவன் மறைந்த பின்னும் அவள் தொழிலை விடவில்லை. சட்டப்படி உரிமை இல்லாமல் வைத்தியம் செய்தாள் என்று 1847-இல் அவள் மீது வழக்குத் தொடுத்து, நூறு பிராங்கு அபராதமும் விதித்தார்கள். அமெரிக்காவில் பெண்சில்வேனியா மாகாணத்து ஹோமியோபதிக் கல்லூரி அளித்த பட்டம் அவளிடம் இருந்ததே, அது நியாயஸ்தலத்தில் செல்லுபடியாகவில்லை. தொழில் செய்ய அனுமதி கிடைத்தபோது வருஷம் 1872. அவளுக்கு வயது எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. ஆறு வருஷங்களுக்குப் பிறகு மாண்டாள்.

மெலானிக்கு ஐரோப்பா அடைத்த கதவை அமெரிக்காவிலிருந்த ஹோமியோபதிச் சங்கங்கள் ஓரளவு திறந்துவிட்டன. கிளெமென்ஸ் லோசியர் என்ற மாது 1863-இல் நியூயார்க்கில் பெண்களுக்கென்றே ஒரு ஹோமியோபதி வைத்தியக் கல்லூரியை ஏற்படுத்தினார். அந்த மாகாணத்தின் முதல் கறுப்பினப் பெண் வைத்தியரான சூசன் மக்கின்னி 1870-இல் அங்கே படித்துத் தேறினார். பாஸ்டனில் 1848-இல் பெண்களுக்காகத் தோன்றிய வைத்தியக் கல்லூரி 1873-இல் பாஸ்டன் சர்வகலாசாலையோடு இணைந்து, ஆணும் பெண்ணும் ஒருங்கே படிக்கும் ஹோமியோபதிக் கல்லூரியாயிற்று. அமெரிக்க ஹோமியோபதிக் கழகம் 1871-இல் பெண்களை அங்கத்தினராக ஏற்றது. மற்ற வைத்தியர்களின் பெரிய சங்கத்தில் ஒரு பெண் பிரதிநிதியாக அமர்வதற்கு 1876 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் ஹோமியோபதியரின் நல்லெண்ணம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்புக்கு நடுவில் ஆதரவு தேடிய ஒரு வைத்திய முறைக்குப் பெண்கள் வேண்டியிருந்தார்கள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இது தவிர, வீட்டு மருந்துப் பெட்டி வேறு இருந்தது. கான்ஸ்டன்டைன் ஹெரிங் என்பவர் 1835-இல் வெளியிட்ட வீட்டு வைத்திய நூலும், அதனோடு விற்ற இலக்கமிட்ட சிறு குப்பிகள் அடங்கிய பெட்டியும், குழந்தையின் காய்ச்சலுக்கும் தன்னுடைய தலைவலிக்கும் அட்டைக்கடியையும் பேதி மருந்தையும் விட்டு வேறு வழி தேடிய தாய்மார்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெட்டி கடல் கடந்து வங்காளத்துக்கும் வந்தது. அதுவரை மேனாட்டு வைத்தியம் செய்துவந்த டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1867-இல் கல்கத்தாவில் வைத்தியர் சபையின் நடுவே எழுந்து நின்று ஹோமியோபதியைத் தாம் தழுவியதாக அறிவித்து, அதற்காக ஒதுக்கிவைக்கப்பட்ட விஷயம் பிரசித்தமானது. சமூகச் சீர்திருத்தக்காரரான ஈசுவர சந்திர வித்தியாசாகரர் தம் முதுமையில் கர்மாடார் என்ற ஊரில் சந்தால் மக்களுக்கு இந்த மருந்துகளைக் கொடுத்து வந்ததும் அப்படியே. அந்தப்புரத்துப் பெண்ணை அந்நிய ஆடவன் தொட்டுப் பார்க்க இடமில்லாத ஒரு சமூகத்தில், கேள்வியும் விடையுமே பிரதானமாகக் கொண்ட ஒரு வைத்தியம் திரைக்கு அப்பாலிருந்தும் நடக்கக்கூடியதாக இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது அந்தப் பெண்களுக்குக் கிடைத்த வசதி. தொட்டுப் பரிசோதிக்காமலே சிகிச்சை முடிந்துவிடலாம் என்ற ஆபத்தும் அந்த வசதியோடு சேர்ந்தே வந்தது.

இன்றைக்கு யார் இந்த வைத்தியத்தை நாடுகிறார்கள்? ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 103 வைத்தியசாலைகளில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2005-இல் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கணக்கில், வயதுவந்தவர்கள் 2,851 பேரில் நூற்றுக்கு 71 பேர் பெண்கள். இதைக் கண்டு, பெண்கள் எளிதில் எதையும் நம்பிவிடுகிறவர்கள் என்று முடிவுகட்டுகிறவர்கள், அதே பெண்கள் வேறிடங்களில் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984-இல் 74 சந்திப்புக்களைப் பதிவுசெய்து பார்த்தபோது, நோயாளி வாய் திறந்து சராசரியாகப் பதினெட்டு வினாடிகளுக்குள் வைத்தியர் குறுக்கிட்டுவிடுவதைக் கண்டார்கள். 2017-இல் 67 தேசங்களின் புள்ளிவிவரங்களைத் திரட்டி வெளிவந்த ஓர் ஆய்வில், வைத்தியருடன் நோயாளி கழிக்கும் நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிஷம். வங்காள தேசத்தில் நாற்பத்தெட்டு வினாடி. நம் ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிகளின் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த இரண்டில் எது நமக்கு நெருக்கம் என்று சொல்லத் தேவையில்லை. நாற்பத்தெட்டு வினாடியில் ஒருவர் தலைவலியைச் சொல்லிவிடலாம். மூன்று மாதமாகப் பெரும்பாடு என்பதையோ, புருஷனோடு சேரும்போது வலிக்கிறது என்பதையோ சொல்ல முடியுமா? அவற்றைச் சொல்லுவதற்கு முன்னால் ஒரு பெண் முதலில் வேறு எதையாவது சொல்லியாக வேண்டும். 'உடம்பு அசதியா இருக்கு', 'இடுப்பு கழண்டு போகுது' என்று தொடங்கி, கேட்கிறவர் முகத்தைப் பார்த்து, அவர் கேட்பார் என்று தெரிந்த பிறகே மற்றது வரும்.

அந்த மற்றது எவ்வளவு பெரியது என்பதை மகாராஷ்டிரத்துக் கட்சிரோலி ஜில்லாவில் டாக்டர் ராணி பங், அபய் பங் தம்பதியரும் அவர்களுடைய தோழர்களும் நடத்திய ஆராய்ச்சி காட்டியது. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் 'லான்செட்' பத்திரிகையில் அவர்கள் எழுதினார்கள்: அந்தப் பெண்களில் நூற்றுக்கு 92 பேருக்கு ஏதேனும் ஒரு கர்ப்பப்பை அல்லது இனப்பெருக்க உறுப்பு நோய் இருந்தது; அதற்கு முன் ஒருமுறையாவது அந்த வகைப் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். தமிழிலே விலக்குக்கு நேர்ப்பெயர் சொல்லாமல் 'தூரம்', 'வீட்டுக்கு விலக்கு', 'தலைக்குக் குளித்தல்' என்று சுற்றிச் சொல்லும் மரபு நமக்கு உண்டு. அந்தச் சுற்றுவழியை அறிந்து, பொறுமையோடு அதன் கூடவே நடந்து போகிற வைத்தியர் ஒருவர் கிடைத்தால், அவர் எந்த முறையைச் சேர்ந்தவராயினும் பெண்கள் அவரை விடுவதில்லை.

அப்படியானால் குணம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியை நேரடியாகவே ஒரு பரீட்சையில் கேட்டிருக்கிறார்கள். முடக்குவாதம் ஆண்களைக் காட்டிலும் பெண்களை அதிகமாகப் பற்றும் வியாதி. அந்த வியாதிக்கு வழக்கமான சிகிச்சை பெற்றுவந்த 83 பேரை இங்கிலாந்தில் சாரா பிரையன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் பல பிரிவாகப் பிரித்தார்கள். சிலருக்கு ஹோமியோபதி வைத்தியரின் நீண்ட விசாரணையும் மருந்தும், சிலருக்கு அதே விசாரணையும் மருந்தில்லாத வெறும் உருண்டையும், சிலருக்கு விசாரணையே இல்லாமல் மருந்தோ வெறும் உருண்டையோ கிடைத்தன. 2011-இல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது: விசாரணை பெற்றவர்களுக்கு ஓரளவு நன்மை உண்டாயிற்று, உருண்டைக்குள் மருந்து இருந்ததா இல்லையா என்பதனால் எவ்வித வித்தியாசமும் ஏற்படவில்லை. இது வியப்புக்குரியதும் அன்று. ஒரு பங்கு சரக்கைத் தொண்ணூற்றொன்பது பங்கு சாராயத்தில் கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் அவ்வாறே கலந்து, இப்படி முப்பது முறை செய்வது இம்முறையில் சகஜம். பன்னிரண்டாவது முறைக்கு மேல் மூலச் சரக்கின் ஓர் அணுத்திரள்கூட எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை என்று ரசாயன சாஸ்திரம் கூறுகிறது. ஆஸ்திரேலிய தேசத்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-இல், எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அறிவித்தது. ஆகவே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன்: இந்த வைத்தியத்தில் பெண்களுக்குக் கிடைத்த நன்மை அவர்கள் செவிமடுக்கப்பட்டதனால் கிடைத்தது. அதை நான் அற்பமாகச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தன் தேகத்தைப் பற்றி யாரும் கேலி செய்யாமல் கேட்டார்கள் என்பது ஒரு பெண்ணின் வாழ்வில் எவ்வளவு அபூர்வமான சம்பவம் என்பதை, அது கிடைக்காதவர்கள் அறிவார்கள்.

ஆனால் கேட்டது அத்தனையும் என்ன ஆகிறது? இங்கேதான் ஹோமியோபதியின் இன்னொரு முகம் தெரிகிறது. நோயாளியின் வார்த்தைகளை எழுதிக்கொண்ட வைத்தியர் அவற்றை மருந்துக் குணபாடங்களோடு பொருத்திப் பார்க்கிறார். அந்தக் குணபாடங்களில் மருந்துகள் மனிதர்களைப் போல வருணிக்கப்படுகின்றன. பல்சாட்டில்லா என்னும் மலர்ச்செடியின் மருந்து, சாதுவான, இளகிய மனமுடைய, நோயைச் சொல்லும்போதே கண்ணீர் விடுகிற, ஆறுதலை நாடுகிற பெண்ணுக்குரியதாம். பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்களும் வேறு சேர்த்துச் சொல்லுவார்கள். கணவாய் மீனின் மையிலிருந்து செய்யும் செபியா, அடிவயிறு கீழே இறங்கிவிடுமோ என்று தோன்றுகிற, களைத்துப்போன, கணவனிடத்திலும் குழந்தைகளிடத்திலும் பாசம் வற்றிவிட்ட பெண்ணுக்கு உரியது; வண்ணாத்தியின் மருந்து என்றே அதற்குப் பழைய நூல்களில் ஒரு பட்டப்பெயர் உண்டு. எட்டிக்கொட்டையிலிருந்து செய்யும் நக்ஸ் வாமிக்காவோ, சுறுசுறுப்பும் முன்கோபமும் உள்ள, மேஜைமுன் உட்கார்ந்து இடையறாது உழைக்கிற ஆண்மகனுக்கு உரியதாக வருணிக்கப்படுகிறது.

ஆழ்ந்து பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த நடுத்தரக் குடும்பத்து ஆடவர்கள் தம் மனைவியரையும் வேலைக்காரிகளையும் எப்படிக் கண்டார்களோ அப்படியே இந்த வருணனைகள் அமைந்திருக்கின்றன. ஹோமியோபதி வைத்தியர் ஜேம்ஸ் டைலர் கென்டின் புகழ்பெற்ற நோய்க்குறி அட்டவணைத் தொகுதி 1897-இல் வெளிவரத் தொடங்கியது முதல் இன்றுவரையில் மாணவர்கள் அந்த அட்டவணைகளைப் புரட்டித்தான் கற்கிறார்கள். பாசம் வற்றியது என்று ஒரு தாய் சொல்லுவாளானால், அவள் நான்காவது பிரசவத்துக்குப் பிறகு இரவில் உறங்காமல், பகலில் ஆறு பேருக்குச் சமைத்து, கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு நடமாடுகிறாளா என்பதைக் கேட்காமல், 'செபியா சுபாவம்' என்று பெயர் சூட்டுவது, அவள் சொன்னதைக் கேட்ட பிறகும் கேளாமல் விட்டது போலாகும். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-இல் எடுத்த கணக்கின்படி, பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை; தமிழ்நாட்டில் 53-க்கு மேல். களைப்பை ஒரு சுபாவமாகக் கருதுவதற்கு முன்னால், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளைப்படுதலை இன்னொரு திருஷ்டாந்தமாக எடுத்துக்கொள்ளலாம். உடம்பின் சாரம் கரைந்து போகிறது என்ற பயம் நம் தேசம் முழுவதும் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனநல வைத்தியர் விக்ரம் பட்டேலும் அவருடைய சகாக்களும் கோவாவில் இரண்டாயிரத்தைந்நூறு பெண்களுக்குச் சற்றே குறைவானவர்களிடம் விசாரித்துப் பரிசோதித்தபோது, இந்த முறையீடு தொற்றுநோயோடு இருப்பதைக் காட்டிலும் மனச்சோர்வோடும் வாழ்க்கைத் துன்பங்களோடும் நெருங்கிய சம்பந்தமுடையதாகக் காணப்பட்டது. ஆகவே வெள்ளைப்படுகிறது என்று ஒருத்தி சொன்னால் அது தொற்றாக இருக்கலாம், துக்கமாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவளிடம் துர்நாற்றமும் ரத்தக்கசிவும் சேர்ந்திருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றாகவும் இருக்கலாம். முதல் இரண்டையும் ஒருவேளை பேச்சினால் பிரித்தறியலாம். மூன்றாவதற்குப் பரிசோதனை இன்றியமையாதது. விலக்கு நின்ற பின் மீண்டும் ரத்தம் கண்ட பெண்ணுக்குச் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுகிற வைத்தியர், எத்தனை அன்பாகப் பேசினாலும், அவளுக்குத் தீங்கே செய்கிறார்.

பேச்சு என்பது கேட்பதோடு நிற்பதன்று. வைத்தியர் என்ன சொல்லுகிறார் என்பதும் அதில் சேர்ந்தது. கர்ப்பப்பைக் கட்டிகள் ஆபரேஷன் இல்லாமல் கரையும், சினைப்பை நீர்க்கட்டிகள் அடியோடு மறையும், குழந்தை நிச்சயம் உண்டாகும் என்று பலகைகளில் எழுதி வைப்பதை எல்லா ஊர்களிலும் காண்கிறோம். மாதவிலக்குக் கோளாறுகளைச் சரிப்படுத்துவதாகவும், பெண்களின் மலட்டுத்தன்மையைப் போக்குவதாகவும் மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் பட்டியலிடும்போது பெண்களின் வியாதிகளைத் தனியே எடுத்துச் சொன்னதற்குக் காரணம், வெட்கத்தினால் வெளியே சொல்ல முடியாத நோயை வைத்துப் பணம் பறிப்பது சுலபம் என்பதை அவர்கள் அறிந்திருந்ததுதான் என்று நினைக்கிறேன். 'இது உமக்கு ஆறுதல் தரலாம். ஆனால் இந்தச் சோதனையை அவசியம் செய்துகொள்ளும். மற்ற வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதேயும்' என்று சொல்லுகிற ஹோமியோபதியர்களும் இல்லாமலில்லை. அவர்களிடம் ஒரு பெண் போவதைப் பற்றி எனக்கு அச்சம் கிடையாது.

ஹானிமனோடு நான் மாறுபடுகிற இடம் ஒன்று உண்டு. அது மருந்தைச் சேர்ந்ததன்று. நோய்க்கு வெளியே சொல்லக் கூசும் காரணம் ஏதாவது இருக்குமானால், நோயாளியின் உறவினரைத் தனியாக அழைத்து விசாரிக்கலாம் என்று அவர் 93-ஆம் சூத்திரத்திலும் அதன் குறிப்பிலும் யோசனை சொல்லுகிறார். உறவினர் நோயாளிக்கு அனுகூலமானவர் என்ற நம்பிக்கை அதற்குள் அடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் எத்தனையோ பெண்களின் நோய்க்கு அந்த உறவினரே காரணமாயிருப்பது உண்டு. வைத்தியரின் மேஜைக்கு எதிரே முக்காலியில் பெண் அமர்ந்திருப்பாள். பின்னால் நின்றுகொண்டு, 'அவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதுங்க, நான் சொல்றேன்' என்று புருஷனோ மாமியாரோ தொடங்குவார்கள். விலக்கு எத்தனை நாள் என்ற கேள்விக்குக்கூட அவர்களே விடை சொல்லுவார்கள். அப்போது ஒரு மணி நேரம் கேட்டும் பயனில்லை. கேட்டது வேறொருவருடைய நோய்வரலாறாகிவிடுகிறது. கேரள ராஜ்யத்து ஹோமியோபதித் துறை 'சீதாலயம்' என்ற பெயரில் பெண்களுக்கென்று நடத்தும் நிலையங்களில், வீட்டுக் கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு வைத்தியத்தோடு மனநல ஆலோசனையும் சட்ட உதவியும் கிடைக்க வழி செய்திருப்பதை இந்தக் காரணத்தினால் நான் பெரிதாக மதிக்கிறேன். உருண்டையின் பலாபலத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் அந்த மதிப்பைக் குறைப்பதில்லை.

அனுபவமுள்ள சில வைத்தியர்கள், ஹோமியோபதியரும் மற்றவரும், ஓர் எளிய உபாயத்தைக் கையாளுகிறார்கள். நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டுச் சீட்டில் ஏதோ எழுதிக் கூட வந்தவர் கையில் கொடுத்து, 'நீங்கள் போய் இதை முன்னால் வாங்கி வந்துவிடுங்கள், கூட்டம் சேர்ந்துவிடும்' என்று அனுப்பிவிடுகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசை நகர ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தில், வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து கேட்கத் தொடங்குகிறார்.